போளூரைத் தாண்டிய பாட்டு

ஆரணியிலிருந்து போளூர் போகும் பஸ்களின் கண்டக்டர்கள் செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக்கூடப் பயப்படமாட்டார்கள். 'கிடாரு' அண்ணனுக்குப் பயந்தார்கள்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். ஆனால் தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் ஒரு ராக் பேண்ட் இருந்ததென்றால் அதற்கு அவர்தான் காரணம். அண்ணன் கிடார், நான் கீபோர்டு, என் மச்சான் டிரம்ஸ், சேவூர் முருகேசன் பாட்டு. பவர்லூம் ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் பிராக்டிஸ். எங்கள் சத்தத்தைப் பற்றி அங்கே யாரும் குறை சொன்னதில்லை. யார் காதிலும் விழுந்ததில்லை.

ஒரு டிராஃபிக் சிக்னல்கூட இல்லாத எங்கள் ஊரைப் பற்றி வேலூரில் ரெக்கார்டிங் செய்த 'சிக்னல் இல்லாத ஊரு' என்ற பாட்டு எப்படியோ பஸ்களில் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்குப் பித்துப் பிடித்தது அப்போதுதான். போளூரில் ஒரு வேலையும் இல்லாமல், பாட்டைக் கேட்பதற்காகவே டிக்கெட் எடுத்துப் போவார். நடுவில் தன் கிடார் வரும் இடத்தில் எழுந்து நிற்பார்.

"யம்மா, கொஞ்சம் பேசாம வாங்க. கிடாரு வருது."

ஒருமுறை அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"இன்னாங்க, பாட்டு ஓடிகினு இருக்கு, ஊதறீங்க?"

"ஸ்டாப்பிங் வந்தா ஊதாம?"

"அப்ப சுருதியில ஊதுங்க!"

பிறகு சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். முருகேசனின் குரல் மட்டும் போதுமாம். அவன் வீட்டில் எல்லோரும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். அப்படியும் தயங்கினான்.

"உங்கள விட்டுட்டு எப்பிடிண்ணா?"

"போடா. நாலு பேரும் இங்கயே உக்காந்துகினா பாட்டு எப்பிடிடா போளூரத் தாண்டும்?" என்று அதட்டி, தன்னுடைய நல்ல சட்டை இரண்டையும் அவன் பையில் திணித்தார்.

ஒரு வருஷம் கழித்து அண்ணனோடு பஸ்ஸில் போனேன். அதே பாட்டு, புது கேசட்டில். முருகேசன் பாட, காலேஜ் பெண்கள் கூடவே பாடினார்கள். அண்ணன் வழக்கம்போல எழுந்து நின்றார். கிடார் வரவில்லை. அதை வெட்டிவிட்டு நேராக அடுத்த சரணத்துக்குப் போயிருந்தார்கள்.

கம்பியைப் பிடித்தபடி சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"நல்லா பாடறான்ல?"

"பாடறாண்ணா."

"ம். பயமில்லாம பாடறான்."

போளூரில் இறங்கி ரோட்டைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விட மனம் வரவில்லை.