எனது பெயரில் சென்ற ஸலாம்கள் தொடர்பாக

கல்முனைக்குடி,
புதன்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பின்.

மதிப்புக்குரிய மச்சான் நளீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாத்தை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஸலாம் இல்லாமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம். வேறு எந்த அர்த்தத்தையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம் எனத் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அக்கரைப்பற்றில் தேகாரோக்கியத்துடன் இருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. இங்கு உங்கள் ராத்தாவும் என் மனைவியுமான றம்ஸியாவும் எங்கள் மகள் அம்ஹாவும் நலம். நானும் நலம் என்றே சொல்ல வேண்டும். இக்கடிதம் முழுவதும் உங்களை 'நீங்கள்' என்றுதான் எழுதப்போகிறேன். இத்தனை வருடம் 'நீ' என்று கூப்பிட்ட ஆளை இப்படி எழுதுவது மரியாதையினால் அல்ல என்பது உங்களுக்கு விளங்கும்.

விடயத்துக்கு வருகிறேன். அண்மையில் எனது மின்னஞ்சலில் இருந்து உங்களுக்கு வந்த ஸலாம்களும் பதில்களும் நான் அனுப்பியவை அல்ல. அவற்றை அனுப்பியது எனது கணினி. ஆகவே நமக்கிடையே உள்ள கோபம் முன்பிருந்தபடியே இருக்கிறது என்பதை எழுத்தில் அறியத்தருகிறேன். அம்ஹாவின் கலியாணம் அடுத்த வாரம் வியாழக்கிழமை. சமாதானம் ஆகிவிட்டது என்ற எண்ணத்தில் நீங்கள் வந்து நின்று, நான் முகத்தைத் திருப்பி, சபையில் ஒரு குழப்பம் ஆகிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஓய்வூதியர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். சங்கத்து ஆட்களில் பாதிப்பேர் பிள்ளைகளோடு கட்டாரிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. விடிந்தால் எனக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள், எழுதுகிற ஒவ்வொருவரும் ஸலாத்தோடு தொடங்குகிறார்கள். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை என்பது உங்களுக்கும் தெரியும். கந்தோரில் கடிதம் தேங்கினால் மேலதிகாரி கேட்பார், விளக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பிவிடலாம். தேங்கிக் கிடக்கிற ஸலாத்துக்கு யாரிடம் விளக்கம் கொடுப்பது என்று யோசித்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவு பகலாகத் தட்டிப் பார்த்தேன், ஒருவருக்குப் பதில் போட்டு முடிக்க மூன்று பேர் ஸலாம் சொல்லிவிடுகிறார்கள். அப்போதுதான் கல்முனை பஸாரில் ஒரு புத்தகக் கடையில், பரீட்சை வழிகாட்டிகளுக்கு நடுவில், மின்னஞ்சல்களைத் தானாக இயங்கச் செய்வது எப்படி என்று தொடங்குநருக்குச் சொல்லித்தரும் ஒரு தடித்த புத்தகத்தைக் கண்டேன். அட்டையில் ஓர் இளைஞர் கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புத்தகத்தை எழுதியவர் என்னை 'நண்பா' என்று அழைக்கிறார். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் 'அசத்திவிட்டாய் நண்பா' என்கிறார். நான் அவரைக் கண்டதில்லை, அவருக்கு நான் எந்த உறவும் இல்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். முதற்பாடத்தில் 'வணக்கம் உலகமே' என்று கணினியைச் சொல்லவைக்க வேண்டும். நான் அதை 'அஸ்ஸலாமு அலைக்கும் உலகமே' என்று மாற்றினேன். திரையில் வந்தது. உலகம் பதில் சொல்லவில்லை. அடுத்த பாடத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காகக் கணினி முழு அலுவலையும் நிறுத்திவிட்டது. அப்படியான ஒரு மேலதிகாரியின் கீழ் நான் முன்பே வேலை செய்திருப்பதால் எனக்குப் பழக்கம் இருந்தது. 'நிபந்தனை' என்ற பாடத்துக்கு வந்ததும்தான் என் மனம் குளிர்ந்தது. இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு என்று கணினிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சுற்றுநிருபங்களோடு குடும்பம் நடத்தியவனுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஸலாத்தோடு ஒரு மின்னஞ்சல் வருமானால் உடனே பின்வரும் பதிலை அனுப்பு என்று எழுதினேன். அந்தப் பதில் வருமாறு: 'வஅலைக்குமுஸ்ஸலாம். தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கூறப்பட்டவற்றை மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆவன செய்யவும். துஆச் செய்யவும்.'

முதல் நாள் மிகவும் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த நாள் பெனடிக் சைக்கிளில் வந்தார். கந்தோரில் என் எதிர் மேசையில் இருந்த அதே பெனடிக்தான், இப்போது சங்கத்துக்குப் பொருளாளர். முகம் சரியில்லை. "ஜவுபர், எல்லாருக்கும் அந்த நிமிசமே பதில் போடுறீங்களாம், எனக்கு மட்டும் ஒண்டையும் காணல்ல. நான் என்ன பிழை விட்டன்?" என்று கேட்டார். அந்த மனுசன் 'அன்பின் ஜவுபருக்கு' என்றுதானே எழுதுவார். கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் விளக்கினேன். அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி ஒரு மின்னஞ்சல் எழுதினார். சங்கக் கூட்டத்தன்று மழை பெய்யும்போல இருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். திரும்பவும் சைக்கிளில் வந்தார். "மழைய மனமார ஏற்றுக்கொள்றீங்க, அது உங்கட விருப்பம். மழைக்கு நான் என்ன ஆவன செய்யிற?" என்றார்.

அவருடைய மனம் நோகக் கூடாது என்று 'அன்பின்' என்ற சொல்லுக்கும் பதில் போடும்படி நிபந்தனையைத் திருத்தினேன். விற்கிற ஆட்கள் எல்லாரும் 'அன்பின் வாடிக்கையாளரே' என்றுதான் தொடங்குகிறார்கள் என்பது அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை. இன்றைய நிலவரப்படி நான் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் உறுப்பினன். ஏன் வரவில்லை என்று விடியற்காலையில் ஒரு தம்பி அன்பாகத் தொலைபேசியில் விசாரிக்கிறார். இந்த முழங்காலோடு நான் எதைத் தூக்குவது. இதற்கிடையில் சம்மாந்துறையில் இருந்து சங்கத்து அச்சிமுகம்மது, தான் மக்காவுக்கு உம்றா போவதாகவும், தன் ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றும் எனக்கு எழுதியிருக்கிறார். ஒரு நாள் காலையில் கேற்றைத் திறந்தால் ஆடு நிற்கிறது. பக்கத்தில் அச்சிமுகம்மது நின்று கண்கலங்கி, "இந்தக் காலத்தில ஒரு சொல்லுக்கு இப்படி ஆரு சேர் ஒத்துக்குவாங்க" என்கிறார். அப்படிச் சொல்கிற ஆளிடம் ஆட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா. அது கலியாணத்துக்கென்று றம்ஸியா நட்டு வளர்த்த குரோட்டன் முழுவதையும் தின்றுவிட்டு, இதை எழுதும்போது என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது உங்கள் விடயம். உங்கள் தொலைபேசி இலக்கத்தை நான் தடுத்து வைத்திருக்கிறேன், அது உங்களுக்கும் தெரியும். அதனால் நீங்கள் உங்கள் அரிசி மில்லில் இருந்து மின்னஞ்சல் போட்டிருக்கிறீர்கள். 'மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். போன் அடிச்சாலும் போகுதில்ல. இதையாவது பாப்பீங்க எண்டு எழுதுறன். அம்ஹாட கலியாணச் சோத்துக்கு அரிசி நான்தான் எண்டு அவள் பொறந்த அண்டைக்கே சொன்ன நான். அத மட்டும் மறுத்திராதீங்க' என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மனமார ஏற்றுக்கொள்கிறேன், ஆவன செய்யவும் என்று பதில் வந்தது. அடுத்த நாள் உங்கள் லொறி வந்து முன் அறை முழுவதும் சம்பா மூடையை அடுக்கிவிட்டுப் போனது. உங்கள் ராத்தா அந்த மூடைகளைத் தடவிக்கொண்டு அழுத அழுகையை நான் இங்கு எழுதவில்லை. அரிசியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் ஒரு மூடையை அவள் பிரித்து அன்றைக்கே சோறாக்கிவிட்டாள். சோறு நன்றாக இருந்தது என்பதை ஒரு தகவலாக மட்டும் குறிப்பிடுகிறேன்.

பிறகு அந்த இரண்டாவது கடிதம். 'மச்சான், றினாஸ்ட வலீமாவில நான் சிரிச்சது பிழைதான். அண்டைய சந்தோசத்தில வாய் தவறிட்டு. மன்னிச்சிக்கங்க' என்று எழுதினீர்கள். நடந்ததை நான் மறக்கவில்லை. உங்கள் மகன் றினாஸுக்கு நான் மாமா. கலியாண விருந்தில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ண ஒரு சஹன் வைத்தால், பெண் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சஹனில் என்னை இருத்தியிருக்க வேண்டும். நீங்களோ கையைப் பிடித்துக் கொண்டுபோய் றினாஸின் உதைபந்தாட்டக் கூட்டாளிகள் ஐந்து பேரோடு இருத்தினீர்கள். நல்ல பிள்ளைகள், "சாப்பிடுங்க மாமா, சாப்பிடுங்க மாமா" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் இறைச்சியை முடித்துவிட்டார்கள். எனக்குப் பல் கட்டியிருக்கிறது, நான் ஒரு பிடியை மென்று முடிக்க முன்னர் சஹனின் அடியில் வரைந்த பூ தெரிந்தது. இறைச்சிக்காக நான் கவலைப்படவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் அவ்வழியால் வந்து, "மச்சான், டீமோட இருந்தா ஓடத்தான் வேணும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பந்தல் முழுவதும் சிரித்தது. கந்தோரில் நான் தொண்டையைக் கனைத்தால் எழும்பி நின்ற ஆட்கள்கூட அங்கிருந்து சிரித்தார்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் வருமுன்னர் எழும்பி வந்தவன்தான், இன்றுவரை உங்களோடு கதைக்கவில்லை. எனக்கு அது வலித்தது, நளீம். வெளியாள் சிரித்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் அந்த மன்னிப்புக் கடிதத்துக்கும் பதில் வந்தது. மனமார ஏற்றுக்கொள்கிறேன் என்று வந்தது. நீங்கள் அதை றம்ஸியாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். இங்குதான் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். உங்களுக்கு வந்த இரண்டு பதிலும் ஒரே வாசகம். அது கணினியின் வேலை என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. மேலும், நீங்கள் எழுதிய அந்த நிமிடமே பதில் வந்தது. ஒரு மனிதன் ஒரு நிமிடத்தில் மன்னிப்பானா. சபையில் பட்ட அவமானத்தைத் திரும்ப நினைத்துப் பார்க்கவே அதைவிடக் கூடுதலான நேரம் வேண்டும்.

இதையெல்லாம் றம்ஸியாவிடம் விளக்கினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பியும் பார்க்கவில்லை. "கொம்பியூட்டர் மன்னிச்சிட்டு, நீங்க மன்னிக்கல்ல, அப்படித்தானே. நல்லம். அப்ப மகளக் கட்டிக்குடுக்கிறதையும் அதுக்கிட்டயே சொல்லுங்க" என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது. "மாமாட வீட்டுக்குப் பொண்ணுட வாப்பா போய்ச் சொல்லாத கலியாணம் எங்கட குடும்பத்தில நடந்ததில்ல. நீங்க வந்து சொல்லாம அவன் வரமாட்டான், அரிசிதான் வரும். என்ட தம்பி இல்லாத பந்தல்ல நான் என்னெண்டு சிரிச்சிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பாடம் இல்லை.

எது எவ்வாறாயினும், மேற்படி பதில்கள் செல்லுபடியற்றவை எனவும், அவற்றை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் எனவும் அறியத்தருகிறேன். உங்கள் வீட்டாருக்கும், மகன் றினாஸுக்கும், மருமகளுக்கும் எங்கள் ஸலாம். மில் வேலைகளில் அல்லாஹ் பறக்கத்தைத் தருவானாக. தூசியில் அதிகம் நிற்காதீர்கள், உங்களுக்கு நெஞ்சுச் சளி இருக்கிறது. இதுவும் ஒரு தகவலே.

இப்படிக்கு,
ஏ. எல். ஜவுபர்
பிரதம லிகிதர் (ஓய்வு)

பிரதி: திருமதி றம்ஸியா ஜவுபர், தகவலுக்காக.

பி.கு: உறையில் இட முன்னர் எழுத்துப்பிழை பார்க்கும்படி இதை அம்ஹாவிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் வாசித்தாள். "வாப்பா, ஆடு வந்த அண்டைக்கே அந்தப் புரோகிராம நிப்பாட்டிட்டமே. என்னக்கொண்டுதானே நிப்பாட்டின நீங்க. மாமாட முதல் மெயிலே அதுக்குப் பொறகுதானே வந்த" என்றாள். நான் உறைக்குப் பசை தேடினேன். "அப்ப மாமாக்குப் பதில் போட்டது ஆரு வாப்பா?" என்று கேட்டாள்.

நான்தான் நளீம். நீ எழுதிய நேரம் நான் கணினிக்கு முன்னால்தான் இருந்தேன். உன்ட பேரைக் கண்டதும் என்ன எழுதுவதென்று விளங்கவில்லை, கந்தோர் வாசகத்தைத் தவிர வேறொன்றும் இந்தக் கைக்கு வரவில்லை, அதையே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். நீ மன்னிப்புக் கேட்டபோதும் அப்படித்தான். ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது, கணினியின் தலையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

இதைத் தபாலில் போடவில்லை. அஸர் தொழுதுவிட்டு நானும் உன் ராத்தாவும் பஸ்ஸில் வருகிறோம், அம்ஹாவின் கலியாணத்தை உன் வீட்டுக்கு வந்து சொல்ல. கடிதத்தையும் கொண்டுவருகிறேன், வாசித்துச் சிரிக்கிறதென்றால் சிரி. நாங்கள் வாசலில் ஏறும்போது நீ முந்திக்கொண்டு ஸலாம் சொல்லிவிடாதே. அதை நான் சொல்ல வேணும்.