கலவை மெஷினுக்கு இரவல் வயது

குவாட் ஆசான் தும்மினால்கூட நல்ல சகுனம் என்று சொல்லும் ஊர், செந்நதிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர். அவர் நாள் குறிக்காமல் ஒரு வீட்டுக்கும் கூரைத்தளம் போட முடியாது. விடியும் முன்பே அவர் வாசலில் கூட்டம். கையில் சேவல், கக்கத்தில் அரிசி மது. சேவல்களுக்கு மட்டும் அந்த வாசலில் எப்போதும் கெட்ட நேரம்.

இந்த வருடம் நான்கு வீடுகள் தளத்துக்குக் காத்திருந்தன. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "ஒனக்குன்னே ஒரு பொன்னான நாள். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று காதில் ஓதினார். நால்வருக்கும் அவர் குறித்தது ஒரே நாள். அன்று நான்கு குடும்பமும் ஊரின் ஒரே கலவை மெஷின் முன்னால் முட்டிக்கொண்டன. ஒரு தளத்துக்கே ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். புயல் வேறு வருகிறதாம். மூன்று வீட்டுக்காரர்களுக்கு ஒதுங்கத் தகரக் கொட்டகையாவது உண்டு. நான்காவது வீட்டுக்காரி நுங் நிறைமாதக்காரி; அவளுக்குத் தலைக்குமேல் வானம்தான்.

ஆசான் அசரவில்லை. வீடு கட்டும் வருடம் வீட்டுக்காரனின் வயதுக்கு ராசியில்லை என்றால் தம்பியின் வயதை இரவல் வாங்கிக் கட்டுவது எங்கள் வழக்கம். அதை மெஷினுக்கும் நீட்டினார்.

"மெஷினுக்கு வயசாயிருச்சு. ஒரு எளவட்டத்தோட வயச ஏத்திவிட்டா நாலு தளத்தையும் இன்னிக்கே போட்டுரும். ஆளுக்கு இன்னொரு சேவல் கொண்டாங்க!"

ஓடினார்கள், சேவல் பிடிக்க. மூளையை யாருக்கு இரவல் கொடுத்திருந்தார்களோ!

தளத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருத்தி, மீன்சாறு விற்கும் மியென். அவள் மட்டும் நகரவில்லை.

"ஆசானே, ஒங்களுக்கு என்ன வயசு?"

"எழுவதுக்கு மேல."

"என் தம்பி எளவட்டம். அவன் வயச ஏத்திக்கிட்டு இந்த சிமெண்ட் மூட்டையத் தூக்குங்க. சேவல் என்ன, பன்னியே தர்றேன்."

பன்றி என்றதும் ஆசானுக்கு நாக்கு ஊறியது. மந்திரம் முணுமுணுத்து மூட்டையைக் கட்டிப்பிடித்தார். மூட்டை அசையவில்லை. இடுப்பு 'மளுக்' என்றது.

"ஐயோ! யாராவது தைலம் கொண்டாங்களேன்!"

"தைலம் எதுக்கு? இன்னும் சின்ன வயசாப் பாத்து ஏத்துங்க. எதுத்த வீட்ல கைக்குழந்த இருக்கு!"

சேவலோடு திரும்பியிருந்த கூட்டம் சிரித்தது. மியென் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"மனுசனுக்கே ஏறாத வயசு இரும்புக்கு ஏறுமா? இருக்கிறது ஒரு மெஷின். காத்திருக்க முடியாதவ மொதல்ல. நுங் வீட்டுக்குத் தள்ளுங்க. எனக்குக் கொட்டகை இருக்கு, நான் கடைசி."

"நல்ல நாள் போயிருமேக்கா!" என்றான் ஒருவன்.

"நாள் குறிச்சவருக்கு இடுப்பு போனதும் இதே நல்ல நாள்லதான்டா!"

அடுத்த வாரம் புயல் ஊரைப் புரட்டியபோது, நுங்கும் அவளுடைய பச்சைக் குழந்தையும் நனையாமல் இருந்தார்கள். மற்றவர்களின் தளங்களும் ஒவ்வொன்றாக ஏறின, யார் வயதையும் இரவல் வாங்காமல். இவ்வளவு சின்னக் கணக்கை நீங்களே யோசித்துக்கொள்ள, இன்னும் எத்தனை ஆசான்களின் இடுப்பு முறிய வேண்டும், சொல்லுங்கள்!