அடுப்புச் சங்கிலி யார் பங்கு?

மிலிசாவ் மறுபடியும் மேட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலியில் சாய்ந்து, ஒரு புல்லைக் கடித்தபடி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி.

தொழுவத்து வாசலிலிருந்து அவன் அண்ணன் ராடோயே அதைக் கவனித்துக்கொண்டிருந்தான். பாகப்பிரிவினைக்கு இன்னும் நாலே நாள்.

மொராவா ஆற்றுப் பக்கத்துச் செர்பியக் குடியானவர்களுக்கு அந்தக் காலத்தில் வக்கீல் எல்லாம் கிடையாது. சொத்தை இரண்டாகப் பிரிப்பது மூத்தவன் வேலை. பிடித்த பங்கை முதலில் எடுத்துக்கொள்வது இளையவன் உரிமை. பிரிக்கிறவன் ஓரவஞ்சனை பண்ணினால் அவன் தலையிலேயே விடியும்.

ராடோயே ஒரு வஞ்சனையும் பண்ணவில்லை. ஒரு பங்குக்குப் பழைய வீடு, கிணறு, பிளம் தோப்பு. வீடு இல்லாத குறைக்கு மற்ற பங்கில் மேட்டுச் சோளக்காடு, ஆட்டுக்கொட்டகை, இரண்டு காளை, பிளம் சாராயம் காய்ச்சும் செப்புக் கொப்பரை, பன்னிரண்டு தேன்கூடு. தராசில் வைத்தாலும் முள் அசையாது.

ஆனால் பழைய வீட்டோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. உத்தரத்திலிருந்து அடுப்புக்கு நேர் மேலே ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். சட்டியை மாட்டுவது அதில்தான். சங்கிலி இருக்கிற வீடுதான் தலைவீடு. பெற்ற தகப்பன் அங்கேதான் இருப்பார்.

தகப்பன் ஓப்ராடுக்கு எழுபத்தெட்டு வயது. பல்லும் கெட்டி, சொல்லும் கெட்டி. ராடோயேக்கு நாற்பத்தேழு முடிந்தும், அப்பா குறை சொல்லாமல் ஒரு வாய் ரொட்டி விழுங்கியதில்லை. அவன் மெல்லுவது தப்பு, செருப்பு வார் கட்டுவது தப்பு. போன வாரம் தும்மினான். அதுவும் தப்பு.

"தும்மலைக்கூடப் பாதியிலே விட்டுடுறே. எதையாவது முழுசாச் செஞ்சிருக்கியாடா நீ?"

ராடோயே கேட்டதெல்லாம் ஒன்றுதான். மேட்டில் ஒரு கொட்டகை, மனைவி தாரிங்கா, ஒரு தட்டு அவரைக்கொட்டைக் குழம்பு, பக்கத்தில் யாரும் வாய் திறக்காத ஒரு சாப்பாடு. அதற்குத் தம்பி பழைய வீட்டை எடுக்க வேண்டும். தம்பியோ மேட்டையே பார்க்கிறான்.

ஒன்றும் தெரியாதவன் போல வேலிப் பக்கம் போய், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"காத்து நல்லா வருதுண்ணே," என்றான் மிலிசாவ்.

அன்றைக்கே ராடோயே, பங்குக் கணக்கை வைத்திருந்த ஊர்த்தலைவர் சிமேயுன் வீட்டுக்கு ஓடி, காளை இரண்டையும் வீட்டுப் பங்குக்கு மாற்றிவிட்டு வந்தான். வீட்டுக்கு வயசாகிவிட்டது, பாவம், அதனால் என்றான். சிமேயுன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

மறுநாள் மிலிசாவ் மேட்டில் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தான். இங்கே வீடு கட்டினால் ஆறு தெரியுமா என்று அண்ணனிடமே கேட்டான். ஆறு நன்றாகத் தெரியும். அதுதான் வினையே. பனிமூட்டம் ஜாஸ்தி, ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, செப்புக் கொப்பரையையும் வீட்டுப் பங்கில் தள்ளினான் ராடோயே.

மூன்றாம் நாள் மிலிசாவ் மேட்டில் ஒரு முளைக்குச்சி அடித்தான். ஒரே ஒரு குச்சி. பன்னிரண்டு தேன்கூடும் போயிற்று.

முதலில் தாரிங்காவும் இந்த யோசனைக்கு உடந்தைதான். அவளும் மாமனார் வாயில் இருபத்தைந்து வருஷம் அரைபட்டவள். ஆனால் தேனும் போனதும் அவளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏங்க, பங்கு பிரிக்கிறீங்களா, இல்ல தம்பிக்குச் சீர் அனுப்புறீங்களா?"

"ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட வேண்டாமா தாரிங்கா?"

"சாப்பிடத் தட்டுல ஏதாவது இருக்கணும்ல? இன்னொண்ணும் சொல்லிடுறேன். என் சீதனப் பெட்டியைத் தொட்டீங்க, உங்களையும் சேர்த்து அந்தப் பங்குல போட்டுடுவேன்."

இத்தனைக்கும் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகைக்குழாயை உறிஞ்சியபடி கொப்பரை போவதையும் கூடுகள் போவதையும் பார்த்தார். அவர் பேசினால் ராடோயேக்குப் பயம். பேசாமல் இருந்தது அதைவிடப் பயமாக இருந்தது.

பிரிவினை நாள். பிளம் மரத்தடியில் ரொட்டியும் உப்பும் வைத்து, சிமேயுனும் இரண்டு சாட்சிகளும் உட்கார்ந்தார்கள். சிமேயுன் இரண்டு பங்கையும் உரக்கச் சொன்னார். வீட்டுப் பங்கைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மேட்டுப் பங்கு ஒரே மூச்சில் முடிந்தது.

மிலிசாவ் எழுந்தான். வீட்டைப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். மறுபடி மேட்டைப் பார்த்தான்.

ராடோயே துள்ளி எழுந்தான். "ரெண்டு பன்னியும் வீட்டோடதான்," என்றான். கிறிஸ்துமஸுக்கென்று அவனே கஞ்சி ஊற்றி வளர்த்த பன்றிகள். தாரிங்கா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிலிசாவ் பெருமூச்சு விட்டான். "சரிண்ணே. நீ இவ்வளவு சொல்றே. உன் மனசு நோக வேண்டாம். நான் வீட்டையே எடுத்துக்கிறேன்."

சம்மதமா என்று சிமேயுன் கேட்டு முடிப்பதற்குள் ராடோயே சம்மதம் என்றுவிட்டான். சாராயக் கிண்ணம் சுற்றி வந்தது. அதைக் குடித்துவிட்டால் பிரித்தது பிரித்ததுதான். சாமியே வந்தாலும் மாற்ற முடியாது. ராடோயே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.

மேட்டுக்குச் சாமான் ஏற்றத் தம்பியிடம் காளைகளை இரவல் கேட்க வேண்டியிருந்தது. தம்பி மறுக்கவில்லை.

கொட்டகையில் தாரிங்கா மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியை ஏற்றினாள். அவரைக்கொட்டை வெந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. கோபம்தான், ஆனாலும் மௌனம் மௌனம்தானே. ராடோயே முதல் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, தன் இஷ்டத்துக்கு மென்றான். நாற்பத்தேழு வருஷத்தில் அவரைக்கொட்டை இவ்வளவு ருசித்ததில்லை.

இரண்டாவது கரண்டியை எடுக்கும்போது வெளியே கலகலவென்று இரும்புச் சத்தம்.

கண்ணைத் திறந்தான். வாசலில் அப்பா. ஒரு கக்கத்தில் படுக்கை. தோளில் அடுப்புச் சங்கிலி.

ராடோயே கரண்டியைக் கீழே வைத்தான். "அப்பா, சங்கிலி வீட்டுப் பங்குல்ல? சங்கிலி எங்கேயோ அங்கேதானே நீங்க..."

"நான் எங்கேயோ அங்கேதான்டா சங்கிலி. வழக்கத்தைக்கூடப் பாதிதான் கேட்டு வச்சிருக்கே." கிழவர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, சங்கிலியை மாட்டினார். பிறகு அவன் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மெதுவா மெல்லு. எதையும் முழுசாச் செய்யத் தெரியாத பிள்ளையைத் தனியா விட முடியுமா? பாகம் பேச ஆரம்பிச்ச அன்னிக்கே மிலிசாவ்கிட்டச் சொல்லிட்டேனே, நான் மூத்தவனோடதான் போவேன்னு. ஏன், அவன் சொல்லலையா?"