கெளுத்தி முள்ளும் அரை மணி வெந்நீரும்

தம்பி வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று வேதாசலம் சபதம் போட்டு மூன்று வருஷமாகிறது. "எங்க அண்ணனுக்கு வலை வீசத் தெரியாது, வாய் வீசத்தான் தெரியும்" என்று மீன் ஏலத்தில் ஊரே பார்க்கச் சிரித்துவிட்டான் ரங்கன். சும்மா விடுகிற பேச்சா அது?

இன்றைக்கு அந்த ரங்கன் தோணிரேவில் புது வீடு குடி போகிறான். வேதாசலத்தின் மனைவி கோவிந்தம்மா விடிந்ததிலிருந்து புதுச் சட்டையும் கையுமாக அவரைத் துரத்துகிறாள். வேதாசலம் மட்டும் லேசுப்பட்ட ஆளா? குழம்புக்கு நாலு இறால் தடவிப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று ஏரியில் இறங்கினார். கால் மணியில் வலது காலை இழுத்து இழுத்துத் திரும்பினார்.

"ஐயோ, கெளுத்தி முள்ளு குத்திடிச்சிடி! நான் எங்கேயும் வர்றதுக்கில்ல!"

கோவிந்தம்மா பதறவில்லை. யாருக்கோ போன் பண்ணினாள். அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்தாள். கெளுத்தி முள்ளுக்கு வெந்நீர்தான் மருந்து என்பது ஏரிக்கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பொய் சொல்லும் அவசரத்தில் அது வேதாசலத்துக்கு மறந்துபோயிற்று.

"கால உள்ள வுடு."

"அம்மாடி! கொதிக்குதுடி!"

"என் கை பொறுக்குது, உன் காலு பொறுக்காதா? அந்த வெசம் புரதமாம். ஆரம்பாக்கம் நர்ஸம்மா சொல்லிச்சி. நூலை மடிச்சி மடிச்சி சுருட்னா மாதிரி அதுக்கு ஒரு உருவம் இருக்குதாம். சூடு பட்டா மடிப்பு பிரிஞ்சிடும். உருவம் போச்சின்னா வேலையும் போச்சி."

"ஆறினா பழையபடி வந்துடாதா?"

"அவிச்ச முட்டை ஆறினா குஞ்சு பொரிக்குமா? இப்போ வலி இன்னா சொல்லுது?"

நல்ல மாட்டு மாட்டிக்கொண்டார் மனுஷன். இருக்கிறது என்றால் இன்னொரு சொம்பு வெந்நீர். இல்லை என்றால் புதுச் சட்டை.

"இருக்குது" என்றார். சொம்பு வந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னார், மறுபடி வந்தது. அரை மணியில் விரலெல்லாம் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டது.

அப்போது வாசலில் பைக் சத்தம். ரங்கன்! நெற்றியில் சந்தனம் காயவில்லை. வந்த ஜனத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான்.

"அண்ணே! அண்ணி போன்ல சொன்னதும் உசுரே போயிடிச்சி!" உட்கார்ந்து அண்ணன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

வேதாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருஷமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தார், காணோம். இவனையா பார்க்காமல் இருந்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"வலி போயிடிச்சிடா" என்றார்.

"அப்போ சட்டைய மாட்டு" என்றாள் கோவிந்தம்மா.

பைக்கில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்தவளிடம் வேதாசலம் மெதுவாகப் பெருமையடித்தார். "பாத்தியா, வெசம் சுத்தமா எறங்கிடிச்சி."

"எறங்காதா பின்ன? நொண்டிக்கினு வந்தது வலது காலு. அரை மணியா வெந்நீர்ல ஊற வெச்சியே, அது இடது காலு."