ராஜ்தூத் பல்பும் கஜபதியின் கண்ணும்

நெமிலிச்சேரி
12-12-1989

மரியாதைக்குரிய மச்சான் கிறிஸ்துராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி லூர்தம்மாளைக் கட்டிக்கொண்ட பிறகும் சிரித்த முகமாகவே இருக்கும் ஆரோக்கியசாமி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம். ஜபல்பூரில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொள்ளவும். அங்கே உங்களுக்குத் தெரசா அக்கா சுடும் சப்பாத்தி இப்போதாவது வட்டமாக வருகிறதா என்று தெரிவிக்கவும்.

முதலில் ஒரு விஷயத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு வாய் வழியாக வந்தால் அதற்குக் கையும் காலும் முளைத்திருக்கும். போன வாரம் ஒருநாள், நீங்கள் என்னிடம் விட்டுப்போன ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டுக்கு மேலே மூன்று செல் டார்ச்சைச் சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வந்தேன். டார்ச் வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டி ஒரு முழம்தான் விழுந்தது. அதனால் தரையைப் பார்த்துக்கொண்டே, காலை ஊன்றி ஊன்றி வந்தேன். எதிரே வந்த இரண்டு பேர் நின்று, "இன்னா அண்ணாத்தே தொலைச்சே?" என்று கேட்டார்கள். லைட்டு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மோதிரம்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் உடனே லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டார்கள். தங்கமான மனுஷர்கள். தேடத் தேடக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "கல்லு வெச்சதா, வெக்காததா?" என்று விசாரித்தாள். கடைசியில், மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்று சொல்லி, அடி விழுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கவும்.

டார்ச்சு கட்டுகிற நிலைமை ஏன் வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன கடிதத்தில் நீங்கள், "கிறிஸ்துமஸுக்கு வருவேன். வண்டி நான் விட்ட மாதிரியே இருந்தால் உங்களிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கஜபதி கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தங்கச்சி அதைச் சத்தமாகப் படித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கஜபதி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கொப்பளிப்பதை நிறுத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. அன்றிலிருந்துதான் சனியன் பிடித்தது.

அடுத்த நாளே பல்பு போய்விட்டது. பட்டாபிராமில் மெக்கானிக் கோதண்டத்திடம் போய் புதுசு மாட்டிக்கொண்டு வந்தேன். ஒரே வாரத்தில் அதுவும் போனது. காலையில் நான் வாசலுக்கு வந்தால் கஜபதி சுவர்மேல் தாடையை வைத்துக்கொண்டு, "லைட்டு எரியுதா நைனா?" என்று கேட்கிறான். மச்சான், நீங்களே சொல்லுங்கள். உலகத்தில் யாராவது காலையில் எழுந்ததும் அடுத்தவன் வண்டி லைட்டைப் பற்றிக் கேட்பானா? நெல் வயலைப் பிளாட் போட்டு விற்றவனுக்கு ஊர்வலம் போக ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். அதற்காக என் பல்பை ஏதோ செய்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாலாம் கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் மூளை இருக்கிறது. வெள்ளையடிக்கிற தொழிலில் சுண்ணாம்புக்குக் குறைச்சல் இல்லை. படுக்கப் போகுமுன் வண்டியைச் சுற்றி சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்தேன். கால் வைத்தால் தடம் விழும் இல்லையா? விடிந்ததும் போய்ப் பார்த்தால் உங்கள் தங்கச்சியின் கால் தடமும் எங்கள் கோழியின் கால் தடமும்தான் இருந்தன. கஜபதி எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள், தடமே விடாமல் வந்து போயிருக்கிறான். எதற்கும் இருக்கட்டும் என்று கோழியையும் இரண்டு நாள் கவனித்தேன்.

பிறகு கோதண்டத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. பழைய பல்பைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுகிறானோ? அடுத்த பல்பை வாங்கியதும், அவன் எதிரிலேயே அதன் அடிப் பித்தளையில் ஆணியால் சின்னதாக ஒரு சிலுவை கீறினேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா ஆரோக்கியம், பல்புக்கு ஞானஸ்நானம் குடுக்கிறியா? பேரு இன்னா வெச்ச?" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பல்பும் போனது. சிலுவை அப்படியே இருந்தது.

அப்போது கோதண்டமே ஒரு யோசனை சொன்னான். "சின்ன பல்பு தாங்கலப்பா. ஆலஜன் போட்டுடலாம். ரோடு பகல் மாதிரி இருக்கும்." சரி, செலவோடு செலவு என்று ஆலஜன் பல்பும் புதுக் கண்ணாடியும் போட்டோம். எதிரே வருகிறவன் கண் கூசுகிறது என்று போலீஸ்காரர்கள் பிடிக்காமல் இருக்கக் கண்ணாடியின் மேல்பாதிக்குக் கறுப்பு அடிக்க வேண்டும் அல்லவா? பெயிண்டர் நான் இருக்கும்போது இன்னொருத்தன் அடிக்கலாமா? நானே கண்ணாடியைக் கழற்றி, கோடு கொஞ்சமும் பிசகாமல், கண் மை தீட்டுகிற மாதிரி அடித்தேன். நானே மாட்டினேன். இருட்டியதும் கிளம்பினேன். மச்சான், என்ன வெளிச்சம் என்கிறீர்கள்! தென்னை மரத்தில் குரும்பை தெரிகிறது, கரண்ட் கம்பியில் தூங்குகிற காக்கா தெரிகிறது, மாதா கோயில் உச்சி தெரிகிறது. ரோடு மட்டும் தெரியவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகுதான், கண்ணாடி தலைகீழாக இருப்பதைப் பார்த்தேன். நான் நேராகத்தான் மாட்டினேன். நடுவில் யார் திருப்பினார்கள் என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அந்த ஆலஜனும் வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது. அன்றைக்கு மனசு உடைந்து, உங்கள் தங்கச்சி வாசல் வராந்தாவில் பொம்மைகள் வைத்து ஜோடித்திருக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் முட்டி போட்டேன். காணாமல் போனதைக் காட்டிக் கொடுக்கும் அந்தோணியாரைக் கூப்பிட்டு, "என் பல்பைத் தின்கிறவனை என் கண்ணுக்குக் காட்டும்" என்று வேண்டினேன். தெருவில் கரண்ட் இல்லை. குடிலில் மட்டும் சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தது. போன வருஷம் குடில் போட்டிக்கு ஃபாதர் பார்க்க வந்த நேரம் கரண்ட் போய், உங்கள் தங்கச்சி தீப்பெட்டி கிழித்து ஒவ்வொரு ராஜாவாகக் காட்ட வேண்டியதாகிவிட்டது. பரிசு போய்விட்டது. இந்த வருஷம் எங்கள் குடில் அணையவே அணையாது என்று கோயிலில் நானே எல்லாரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். எப்படி எரிகிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோதண்டம் வண்டியைச் சுற்றி வந்து ஹாரனை அமுக்கினான். சத்தம் இல்லை. "ஹாரன் எப்பலேர்ந்து அடிக்கல?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்போதும் வாயால் கத்திக்கொண்டு போகிறவன். அவன் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் கந்தல் துணி சுற்றி ஓர் அரைச் செங்கல் இருந்தது.

கோதண்டம் செங்கல்லை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "பேட்டரி இல்லாம ஓட்டினா, வர்ற கரண்டுக்கு ஒதுங்க எடம் இல்ல. நேரா பல்பு தலைல போய் குந்தும். பல்பு இன்னா பண்ணும், சாவும். ஆனா செங்கல்ல வண்டி ஓட்டினவன நான் இப்பதாம்பா பாக்கறேன்."

ஆள் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் தெருவில் செங்கல் இறக்கி வைத்திருப்பது ஒரே ஆள்தான். மாடி கட்டுகிற கஜபதி! அரைச் செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் நின்று, "இன்னா நைனா, அரைக் கல்ல தூக்கினு வந்துகீற? பாத்ரூம் கட்டப் போறியா?" என்றான்.

"பேட்டரி எங்க?" என்றேன்.

"எந்த பேட்டரி?"

"நடிக்காத. இது ஒன் கல்லு. எங்க மச்சான் வண்டில இருந்துச்சு."

அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. "துட்டு குடுத்து வண்டி வாங்க வந்தவன திருடன்றியா? வா, ஒங்க சாமி எதுர்லயே சத்தியம் பண்றேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். குடிலுக்கு முன்னால் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. கஜபதி நீட்டிய கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பித் தெருவைப் பார்த்தான், குடிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எல்லார் ஊட்லயும் கரண்ட் இல்ல. ஒன் ஊட்டு ஆட்டுக்குட்டிக்கு மட்டும் எப்டி நைனா எரியுது?"

வைக்கோலை விலக்கினான். பேட்டரி உட்கார்ந்திருந்தது.

சமையற்கட்டிலிருந்து உங்கள் தங்கச்சி கரண்டியோடு வந்தாள். "ஆமா, நான்தான் எடுத்தேன். எங்க அண்ணன் வண்டி, எங்க அண்ணன் பேட்டரி. ஒனக்கு இன்னாயா? மூடி கடகடன்னு ஆடுமேன்னு ஒரு கல்லும் வெச்சேன். கஜபதி அண்ணே, அது ஒங்க கல்லுதான், கோச்சிக்காதீங்க" என்றாள். கஜபதி கோபித்துக்கொள்ளவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போகும்போது, "இரு, கிறிஸ்துராஜ் சாருக்கு ஒரு லெட்டர் போட்டுட்றேன்" என்றான். அதனால்தான் அவனுக்கு முந்தி நான் எழுதுகிறேன். அவன் கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடவும்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. பேட்டரியை வண்டியில் வைத்தாயிற்று. புது ஆலஜன் போட்டு மூன்று நாளாக எரிகிறது. கண்ணாடி நேராக இருக்கிறது. குடிலுக்கும் வழி செய்துவிட்டேன். வண்டியை வராந்தா ஓரமாக நிறுத்தி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் குடிலுக்குக் கொடுத்திருக்கிறேன். எலி தள்ளிவிடாமல் இருக்க உங்கள் தங்கச்சி அந்த ஒயரை ஒவ்வொரு பொம்மையின் இடுப்பிலும் ஒரு சுற்று சுற்றியிருக்கிறாள். புருஷன் மூளையும் பெண்டாட்டி கையும் சேர்ந்தால் எப்படி என்று நீங்கள் வந்து பார்க்கத்தான் போகிறீர்கள். வண்டியை நீங்கள் விட்டதை விட மேலாகவே வைத்திருக்கிறேன். அது என்னிடமே இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகள் கன்னத்தில் ஆளுக்கொரு கிள்ளும். ரயிலில் வரும்போது பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளவும், பக்கத்தில் உட்கார்ந்தவன் நல்லவன் மாதிரி இருந்தால் இன்னும் இறுக்கமாக வைத்துக்கொள்ளவும். வேளாங்கண்ணி மாதா உங்களைப் பத்திரமாக எங்கள் வாசலில் இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும்
ஆரோக்கியசாமி

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே வண்டியைப் பற்றியும் கஜபதியைப் பற்றியும் எழுதியதை விட்டுவிட்டு, சப்பாத்தி, குளிர் இவற்றை மட்டும் படித்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட வண்டியை எடுத்தேன். பொழுது சாய்ந்திருந்ததால் லைட்டையும் போட்டேன். வழியெல்லாம் ஜனங்கள் கை தட்டினார்கள், பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். யார் சிரித்தாலும் சந்தேகப்படுகிற நான், ஆலஜனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேருக்குக் கையும் ஆட்டினேன். தபால் பெட்டியருகே இறங்கித் திரும்பிப் பார்த்தால் பேட்டரியிலிருந்து கழற்ற மறந்த ஒயரும், அதில் சிக்கிய மாட்டுக் கொட்டகையும், ஒட்டகமும், இரண்டு ராஜாக்களும் சீரியல் பல்பு எரிய எரிய வந்து நின்றிருந்தார்கள். மீதியை கஜபதி வழியில் பொறுக்கி லுங்கியில் கட்டிக்கொண்டு வந்து உங்கள் தங்கச்சியிடம் கொடுத்தான். அவள் என்னிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி, "எங்க அண்ணன் வர வரைக்கும் நீங்களே வெச்சிருங்க" என்று அவன் கையில் கொடுத்துவிட்டாள். வண்டி இப்போது அவன் வீட்டு வாசலில் நிற்கிறது. லைட்டு நன்றாக எரிகிறது. குழந்தை இயேசுவைக் குடிலில் இருபத்துநாலாம் தேதிதான் வைப்பார்கள் என்பதால் அவர் பீரோவில் பத்திரமாக இருக்கிறார். மேய்ப்பன் பொம்மைக்கு மட்டும் தலை கழன்றுவிட்டது. கோந்து போட்டு நானே ஒட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால் அவர் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.