இரும்புச் சக்களத்தி

"கெசையாக்கா, உங்க வீட்டுக்காரர் மில்லுல ஒரு பொண்ணு ஓயாம பேசிட்டே இருக்காளாமே?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டைனா கேட்டதும், கெசையாவின் கையிலிருந்த ஈரத்துணி கொடியில் ஏறாமல் சேற்றில் விழுந்தது.

மேட்டில் காற்றில் இறக்கை சுழன்று ஓடும் மாவு மில், கெசையாவின் புருஷன் ஜேபஸ் தர்லோவுடையது. நாளெல்லாம் அங்கேதான் கிடப்பார். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார். அன்று மத்தியானமும் வந்தார்.

"யாரு அந்தப் பொண்ணு?"

குழம்பில் ஊறிய மாவுருண்டை ஜேபஸின் தொண்டையில் சிக்கியது. கண்ணில் நீர் வர இருமிவிட்டு, "பொண்ணா? அது... டாம்சல்" என்றார்.

எங்கள் ஊரில் டாம்சல் என்றால் வயசுப் பெண் என்று குழந்தைக்கும் தெரியும்.

"என் முன்னாடியே கொஞ்சல் வேறயா! எத்தனை வயசு அவளுக்கு?"

"ஐயோ, அது ஒரு இரும்புத் தண்டு! அரைக்கிற கல்லுக்கு மேல நின்னு சுத்தும். தானியம் விழுற தொட்டியத் தட்டிக்கிட்டே இருக்கும். வெளிய நிக்கிறவனுக்குப் பொண்ணு பேசுற மாதிரி கேக்கும்."

"சிரிக்கவும் செய்யுதாமே?"

ஜேபஸ் கொஞ்சம் யோசித்தார். "எண்ணெய் போடலேன்னா சிரிக்கும்."

"இப்பவே காட்டுங்க."

"கல்லைக் கழட்டிக் கொத்திக்கிட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வா."

இரும்புக்கு எவனாவது பெண் பேர் வைப்பானா? கெசையா நேரே போதகர் வீட்டுக்குப் போனாள். அவர் வீட்டில் சுவரைவிடப் புத்தகம் அதிகம். விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டாள்.

போதகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "டாம்சலா! அருமையான சொல்லும்மா. பிரான்சுல இருந்து வந்தது. அதுக்கு முன்னாடி லத்தீன். மூலத்துல, சின்ன எஜமானின்னு அர்த்தம்."

"சின்ன எஜமானியா! அப்ப நான் யாரு ஐயா, பெரிய எஜமானியா?"

போதகர் பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் கெசையா வீட்டுக்கு வந்து, ஜேபஸின் துணியெல்லாம் மூட்டை கட்டி வாசலில் எறிந்தாள். மூட்டை அவிழ்ந்தது. காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஜேபஸின் கம்பளி உள்ளாடை சர்ச் வேலியில் போய்த் தொங்க, சாயங்காலத்துக்குள் ஊருக்கே செய்தி தெரிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் கெசையா தனியாகப் போக முடியவில்லை. டைனா வந்தாள், போதகர் வந்தார், கூடவே பத்துப் பெண்கள். எல்லோரும் மில் ஏணியில் ஏறினார்கள். கல்லின் மேல் நிஜமாகவே ஒரு இரும்புத் தண்டு நின்றது. மெலிந்த இடுப்பு, மினுமினுக்கும் உடம்பு.

"இன்னைக்குக் காத்து இல்ல, இல்லேன்னா ஓட்டியே காட்டுவேன்" என்றார் ஜேபஸ்.

போதகர் கைத்தடியால் தண்டைத் தட்டினார். அது தொட்டியில் மோதிக் கடகடத்தது. "அடடா! வாய் ஓயாததால குமரின்னு பேர் வெச்சிருக்காங்க!" என்று அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"அக்காவுக்கு இரும்புல ஒரு சக்களத்தி!" என்று டைனா சொல்ல, ஏணியே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள்.

கெசையாவுக்குத் தலை நிமிரவில்லை. அன்று பிளம்ஸ் போட்டுப் புட்டிங் செய்தாள். ஜேபஸ் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, "போகட்டும், மன்னிச்சுட்டேன்" என்றார். அப்போதும் அவளுக்குப் பொறாமை முழுசாக ஆறவில்லை. தினமும் அதற்குத்தானே கையால் எண்ணெய் போடுகிறார்! தன் தலையில் என்றைக்காவது ஒரு சொட்டு வைத்ததுண்டா?

அந்தப் புத்தியை நினைத்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பரிகாரம் செய்தே தீர வேண்டும் என்று விடிந்ததும் கொல்லன் ஒபதியாவின் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, அவருக்குத் தெரியாம ஒரு பரிசு தரணும். பித்தளையில ஒரு டாம்சல் செஞ்சு தர்றீங்களா?"

ஒபதியா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணா? உங்க மில்லுக்கு அது தேவையே இல்லையேம்மா, மேலேருந்து வர்ற அச்சே தொட்டியத் தட்டிக்கும். நேத்து விடிகாலையில அவர் மூச்சு வாங்க ஓடி வந்து, 'மத்தியானத்துக்குள்ள ஒரு டாம்சல் வேணும், ஓட வேணாம், சும்மா நின்னாப் போதும்'னு கேட்டாரே, அதுவே எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல!"