கோமதிக்கு விழுந்த சிக்கு

கோமதி மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுமி நிமிர்ந்து பார்த்து, "சிக்கு" என்றாள்.

கோமதியின் கை தானாகத் தலைக்குப் போனது.

பண்டார் தெங்காராவுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தது தப்பு. போதாக்குறைக்கு, அம்மா இருந்தவரை அவள் தன் தலையைத் தானே வாரிக்கொண்டதில்லை. அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. சங்கரன்கோவிலிலிருந்து மலேசியாவில் உள்ள ஜொகூருக்கு மேற்படிப்புக்கு வந்து பன்னிரண்டு நாள். ஒற்றைச் சடை இன்னும் அவள் கைக்கு வசப்படவில்லை.

அந்த மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்தும் சுகுமாறன் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் மலாய்ப் பள்ளிக்கூடத்துல படிக்கிற நம்ம புள்ளைங்க, டீச்சர். தமிழ் பேசுவாங்க, எழுதப் படிக்க வராது. நாலு சனிக்கிழமை பாப்போம். அப்புறம் புள்ளைங்களையே கேப்பேன். வேணும்னு சொன்னா வருஷம் முழுக்க நீங்கதான். வேணாம்னா வேற ஆளு லா."

இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் அவளுடைய ஆய்வே. வகுப்பு போனால் ஆய்வு போகும். ஆய்வு போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் கதவைத் திறந்துவிடக்கூட ஆள் கிடையாது.

அடுத்த வாரம் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, ஒரு முடி பிசகாமல் வாரிப் பின்னிக்கொண்டு போனாள்.

இருபத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்று, "வணக்கம், சிக்கு" என்றார்கள்.

கோமதி தலையைத் தொட்டுப் பார்த்தாள். சடை சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில்.

"சிக்கு, டாய்லெட் போலாமா?" என்றான் ஒருவன்.

அவள் தலையைத் தடவிக்கொண்டே, "போ" என்றாள்.

முன்வரிசைச் சிறுமியின் பெயர் லோஷினி. அவள் எழுதிய 'அ'வைத் திருத்தக் குனிந்தபோது, நெற்றியிலிருந்து இறங்கிய எண்ணெய் நோட்டில் சொட்டியது. 'அ'வுக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

"அலமாக், சிக்கு" என்று பதறினாள் லோஷினி.

அன்று மாலை கோமதி, தான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா அந்தோணியம்மாளிடம் முறையிட்டாள். அவர் ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனில் சமைப்பவர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, பிள்ளைங்க என்னைப் பார்த்துச் சிக்கு சிக்குன்னு சொல்லுதுங்க."

"சொல்லத்தான் செய்யுங்க. போகப் போகப் பழகிரும்."

"உங்களையும் சொல்வாங்களா?"

"என்னை எதுக்குச் சொல்றாங்க? நான் கேன்டீன்ல நிக்கிறவ."

கோமதி யோசித்தாள். கேன்டீனில் நிற்கிறவர்கள் தலைக்குத் தொப்பி போட்டிருப்பார்கள். தலை தெரியாவிட்டால் சிக்கு ஏது? வழி கிடைத்துவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் இருந்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சும்மா இருந்தது. வியர்வை காதோரம் வழிந்தது.

லோஷினி கவலையோடு பக்கத்தில் வந்தாள். "சிக்கு, தலைக்கு என்னாச்சு?"

கோமதியின் கை துப்பட்டாவுக்குப் போனது. அப்போதுதான் அதைக் கவனித்தாள். பின்வரிசையில் இரண்டு பேரும் தலையைத் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் தொட்டது. வாயால் கேலி செய்தது போதாமல், செய்தும் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை முடிதிருத்தும் கடையில், இடுப்பு வரை இருந்த சடையைக் காதோடு வெட்டச் சொன்னாள். கடைக்காரப் பெண் மூன்று தடவை "ஷுவர் ஆ?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தாள். கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா இருந்திருந்தால் கடைக்காரியையும் சேர்த்துத் திட்டியிருப்பாள். வெட்டிய சடையைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவின் பச்சைச் சீப்போடு பெட்டியில் வைத்தாள்.

நாலாவது சனிக்கிழமை. சிக்கு விழ வழியே இல்லாத தலையோடு நிமிர்ந்து உள்ளே போனாள்.

"வணக்கம், சிக்கு."

இருபத்திரண்டு குரல். ஒன்றுகூடப் பிசகவில்லை. கோமதி கையைத் தலையில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுகுமாறன் முன்னால் வந்து நின்றார். "சரி புள்ளைங்களா. உங்களுக்கு இவங்களே வருஷம் முழுக்க வேணும்னா கைய தூக்குங்க, பாப்போம்."

இருபத்திரண்டு வலது கைகள் மேலே போயின. இருபத்திரண்டு இடது கைகள் தலைக்குப் போயின.

கோமதி எழுந்து நின்றாள். கேலி செய்ய ஆள் வேண்டும் என்பதற்காகவா ஓட்டுப் போடுகிறார்கள்?

"பாருங்க சார்," என்றாள். "உங்க முன்னாலேயே கேலி பண்றாங்க. எண்ணெய் வச்சேன், துணி கட்டினேன், முடியையே வெட்டிட்டேன். இன்னமும் என்னைச் சிக்குன்னுதான் கூப்பிடுறாங்க."

சுகுமாறன் அவள் தலையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடியும் அவள் தலையைப் பார்த்தார்.

"டீச்சரைச் சிக்குன்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடுவாங்க? மலாய்ல வாத்தியாருக்கு அதான் பேரு. மொத நாளே உங்களை டீச்சரா ஏத்துக்கிட்டாங்க லா."

கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது சரி," சுகுமாறன் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கைய தூக்கச் சொன்னா எதுக்குத் தலையத் தொடுறீங்க? எல்லாருக்கும் பேன் புடிச்சிருச்சா?"

லோஷினி தலையிலிருந்து கையை எடுக்காமலே எழுந்து நின்றாள்.

"இது இந்தியா வணக்கம், அங்கிள். நாங்க கூப்பிடுறப்பல்லாம் சிக்கு இப்படித்தான் திருப்பி வைப்பாங்க. மொதல்ல எங்களுக்கு வரல, இப்ப எல்லாருக்கும் வந்துருச்சு."